பலகையை அழிப்பதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஃபிளாஸ்க் நூற்று நாற்பது, பிப்பெட் அறுபது. ஒரு பிப்பெட்டின் மூக்கு உடைந்திருந்தது. உடைந்துதான் என் தொட்டிக்கு வந்தது, ஆனாலும் உடைசல் நோட்டில் என் பெயரில்தான் ஏறும். கழுவுகிறவள் கையில் கடைசியாக வருவதால் எல்லா உடைசலும் எனக்குச் சொந்தம்.

பத்தரை மணி டீயின்போது சொட்டு சார் வெள்ளைப் பலகையில் ஒன்று எழுதினார். "அமிலமும் காரமும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கொஞ்ச நாள் ஒரே கொதிப்பு. இப்ப உப்பும் தண்ணியுமா காலம் ஓடுது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொட்டு சார் எங்கள் வேதியியல்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பார்க்கும் சோதனையில் ஒரு சொட்டு அதிகமாக விட்டுவிட்டு மறுபடி செய்தார் என்ற பேச்சே இல்லை, அதனால் அந்தப் பெயர். தினமும் ஒரு ஜோக்காவது பலகையில் எழுதிவிடுவார். சாயங்காலம் அதை அழிப்பது என் வேலை.

இந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கழுவும் அறைக்கு நான் வந்து பத்தொன்பது வருடம். அத்தனை வருடமும் அந்த டீ மேசையில் சிரித்திருக்கிறேன். ஒன்றாவது புரிந்ததா என்று கேட்டால், இல்லை. அதற்கு ஒரு பக்குவம் உண்டு. சொல்கிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஆள் வாயைத் திறந்ததும் அரை நொடி பொறுத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். கடைசி ஆளாக நிறுத்தக் கூடாது. இதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம்.

அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. டெக்னீஷியன் வேலைக்கு ஆகஸ்டில் உள்தேர்வு. பத்தாவதில் தவறியவர்களும் எழுதலாம், நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு நவம்பரில் நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் இனி இல்லை.

படித்துவிட்டு வந்துவிட்டேன். விண்ணப்பம் வாங்கவில்லை. கணக்கிலும் அறிவியலிலும் கோட்டை விட்டவளுக்கு எதற்கு அந்த ஆசை.

மார்ச் 5, வியாழன்

மழை. துணி காயவில்லை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறலாம்.

டீ நேரம். சொட்டு சார் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஜோக் சொல்லும்போது இருக்கிற அதே உம்மென்ற முகம். "எட்டு மாசத்து மாதிரியும் போச்சு. மொத்தம் பூஜ்யம்" என்றார். புள்ளியியல் பார்க்கிறவர் — அவரைச் சதவீதம் என்று கூப்பிடுவோம் — 'ஹா' என்று ஒரு மூச்சு விட்டார். நான் அதைச் சிரிப்பு என்று நினைத்தேன். அரை நொடி பொறுத்து, வழக்கம்போல நன்றாக வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் மட்டும்தான் சிரித்தேன்.

குளிர் அறை ராத்திரி நின்றுபோய், அவர் எட்டு மாதமாகச் சேர்த்த தண்ணீர் மாதிரிகள் எல்லாம் கெட்டுவிட்டன என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை. "உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சிரிச்சீங்க?" என்று கேட்டார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எங்கேயாவது ஓடிப் போயிடலாமான்னு இருந்துது. என்ன புரிஞ்சுது எனக்கு? ஒண்ணும் இல்ல. பத்தொம்பது வருஷமா ஒண்ணும் இல்ல.

மார்ச் 13, வெள்ளி

டீக்குப் போகவில்லை. ஃபிளாஸ்க் நூற்றுப் பன்னிரண்டு.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்து குழாய் வெட்டிக்கொண்டிருந்தார். பிளம்பர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகூடக் குழாய்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "அவர் கேட்டது கேள்விதானே? பதில் தெரியாதுன்னா தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

இவர் இப்படித்தான். புரியாத எதற்கும் சிரித்ததில்லை. எங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர் என்னவோ வேடிக்கை சொன்னபோதுகூட, என்ன சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டவர். எல்லாப் படத்திலும் நான் சிரிக்கிறேன், இவர் விசாரிக்கிறார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, எங்க அம்மா பேசறதுக்கும் இப்படிச் சும்மாதான் சிரிக்கிறியா என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, கொடுத்தும் விட்டேன். எழுத்தர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

நூலகத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலும் பத்தாம் வகுப்புக் கணக்கும் எடுத்தேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தால் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு. பலகையை அழிப்பதற்கு முன் அன்றைய ஜோக்கை இந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொள்வது. அது ஏன் சிரிப்பு என்று கண்டுபிடிக்கும்வரை விடுவதில்லை. தேர்வுக்குப் படிப்பதாக நினைத்தால் பயம் வருகிறது. இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று துப்புத் துலக்குவதாக நினைத்தால் ஆத்திரம் வருகிறது. ஆத்திரத்தில் எனக்கு நன்றாகப் படிக்க வரும்போலிருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

கல்யாண ஜோக் பிடிபட்டது!

காரம் என்றால் மிளகாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சோப்பு மாதிரி கையில் வழுவழுப்பது காரம். அமிலத்தோடு அதைச் சேர்த்தால் சூடு கிளம்பும், கடைசியில் மிஞ்சுவது உப்பும் தண்ணீரும். புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் நாலு மணிக்கு மிச்ச அமிலத்தையும் மிச்சக் காரத்தையும் பெரிய தொட்டியில் மெதுவாகச் சேர்த்து, சூடு அடங்கின பிறகு சாக்கடையில் விடுகிறவள் யார்? பத்தொன்பது வருடமாக அந்தக் கல்யாணத்தை நான்தான் முன்னால் நின்று நடத்திவைக்கிறேன். எனக்கே அழைப்பு வரவில்லை.

தொட்டிக்கு முன்னால் தனியாக நின்று சிரித்தேன். இது அந்தச் சிரிப்பு இல்லை. வயிறு வலித்தது.

ஏப்ரல் 9, வியாழன்

பலகையில் இருந்தது: "பி.எச். மூணு, பி.எச். ஆறைப் பாத்துச் சொல்லுச்சாம்: நான் உன்னுல பாதிதானே, எதுக்கு என்னைக் கண்டு பயப்படறே? ஆறு சொல்லுச்சாம்: பாதியா? உனக்கு என்னைவிட ஆயிரம் மடங்கு கோபம்."

பி.எச். என்பது அமிலக் கணக்கு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அதுவரை சரி. மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே ஆயிரம் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 14, செவ்வாய்

ஆயிரம் எங்கிருந்து வந்தது. மடக்கை, அதாவது லாகரிதம், என்று புத்தகத்தில் பத்து பக்கம் போட்டிருக்கிறான். ஒரு எழுத்து ஏறவில்லை.

ஏப்ரல் 18, சனி

போதும். என்ன பெரிய டெக்னீஷியன்? ஃபிளாஸ்க் கழுவறவளுக்கு மடக்கை எதுக்கு? இவர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், பாவம், அவர் சாப்பிட வான்னுதான் கூப்பிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கொடுக்கவில்லை.

என் தொட்டிக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. "மூன்று முறை அலசவும்." நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது. இன்று ஒரு ஃபிளாஸ்க்கை அலசும்போது யோசித்தேன்: ஏன் மூன்று? அடியில் ஒட்டி நிற்கிற அமிலம் ஒரு பங்கு என்றால், ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், மறுபடி ஒட்டி நிற்பதில் பத்தில் ஒன்றுதான் பழைய அமிலம். இரண்டாம் அலசலில் நூறில் ஒன்று. மூன்றாவதில் ஆயிரத்தில் ஒன்று.

ஆயிரம்!

பி.எச். ஒவ்வொரு படியும் ஒரு அலசல். மூன்றிலிருந்து ஆறுக்குப் போக மூன்று அலசல். மடக்கை என்பது எத்தனை தடவை அலசினாய் என்று கேட்பது, அவ்வளவுதான். அதை நேரடியாகச் சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும் இந்தப் புத்தகக்காரர்களுக்கு?

கை ஈரத்தோடு ஓடிப்போய் பலகையைப் பார்த்தேன். அந்த ஜோக் அழிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, அழித்ததும் நான்தான். பரவாயில்லை.

மே 6, புதன்

நேற்று சதவீதம் சார் முறை. "சராசரியும் இடைநிலையும் டீக்கடையில உக்காந்திருந்தாங்க. உள்ளே ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்துச்சு. சராசரி குதிச்சுது: நாமெல்லாம் வளந்துட்டோம்! இடைநிலை டீயை ஊதிக்கிட்டே சொல்லுச்சு: நான் இருந்த இடத்துலதான் இருக்கேன்."

இதற்கு வீட்டில் இவர் உதவினார். வெட்டின குழாய்த் துண்டுகள் ஒன்பதை உயர வரிசையில் சுவரில் சாய்த்துவைத்தார். புத்தகப்படி நடுவில் நிற்கிற ஐந்தாவது துண்டு இடைநிலை. கடைசித் துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முழு நீளக் குழாயை வைத்தார். சராசரி எகிறிவிட்டது. நடுத் துண்டு அப்படியே நிற்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார், குழாயைப் பார்த்து என்ன சிரிப்பு என்று.

ஆனால் எழுத வந்தது வேறு. நேற்று மேசையில் மேடமும் சிரித்தார். எங்கள் கூடத்துக்கே தலைவர், நுண்ணுயிர் நிபுணர், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு அறிக்கையும் வெளியே போகாது. அவர் சொல்பவர் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். அரை நொடி பொறுத்தார். சேர்ந்துகொண்டார்.

அது என் சிரிப்பு. எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மே 8, வெள்ளி

மேடம் கழுவும் அறைக்கு வந்தார். கையில் காலி டம்ளர். அவர் டம்ளரை அவரே கழுவி நான் பார்த்ததில்லை. குழாயைத் திறந்து, மூடி, "அந்த ஒட்டகச்சிவிங்கி... உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டதை அவர் கவனித்திருக்கிறார்.

டெஸ்ட் டியூப்களை உயர வரிசையில் அடுக்கிக் காட்டினேன். கடைசி இடத்தில் துடைப்பத்தை நிறுத்தினேன். மேடம் துடைப்பத்தைப் பார்த்தார், நடுவில் இருந்த டியூபைப் பார்த்தார். சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று, வந்ததும் நிற்கவில்லை.

"கணக்குக்குப் பயந்துதான் நான் நுண்ணுயிருக்கே வந்தேன்" என்றார். போகும்போது, யாருகிட்டயும் சொல்லாதீங்க என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மே 11, திங்கள்

இன்று சதவீதம் சார் ஒன்று சொல்லி முடித்ததும், எல்லாரும் சிரிக்கிற நேரத்தில், மேடம் தன் டம்ளரை மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தார். "எனக்குப் புரியல. விளக்கிச் சொல்லுங்க. இனிமே யாருக்குப் புரியலைன்னாலும் கவுத்திடுங்க" என்றார்.

பிறகு தட்டச்சு செய்கிற தம்பி கவிழ்த்தார். மாதிரி எடுக்கப் போகிற இரண்டு பேரும் கவிழ்த்தார்கள். சொட்டு சார் தயங்கித் தயங்கி — அவரும்! அப்படியென்றால் இத்தனை வருடமாக இந்த மேசையில் யார்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்?

நானும் கவிழ்த்தேன். டம்ளரில் பாதி டீ இருந்தது. மேசையைத் துடைத்தேன்.

ஜூன் 2, செவ்வாய்

இன்று சொட்டு சாரிடம் போய்ச் சொன்னேன். மனதில் பத்து தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். "மார்ச்ல நீங்க கேட்டீங்களே சார், அதுக்குப் பதில். எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க ஜோக் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன். எப்பவுமே அப்படித்தான், சும்மாதான் சிரிப்பேன். மன்னிச்சுடுங்க."

அவர் முகம் விழுந்தது. "எப்பவுமேயா? என் ஜோக் எல்லாத்துக்குமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நீங்க ஒருத்தர்தான் ஒண்ணு விடாம சிரிப்பீங்க. மத்தவங்க பாதிக்குத்தான். நீங்க இருக்கீங்கன்னுதான் நான் தினமும் எழுதிக்கிட்டிருந்தேன்."

எட்டு மாத மாதிரி போனபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய் இன்னொரு குழி வெட்டிவிட்டு வந்திருக்கிறேன். பாரம் குறையும் என்று போனேன்.

ஜூன் 3, புதன்

பலகை காலி.

ஜூன் 4, வியாழன்

காலி. அழிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஒரு வாரம். மேசையில் எல்லாரும் வானிலை பேசுகிறார்கள். எனக்குப் படிக்கவும் பிடிப்பு இல்லை. வீட்டுக்காரர் கேட்டார், "நீ இப்பல்லாம் நிஜமா சிரிக்கிறேன்னு அவர்கிட்டச் சொன்னியா?" சொல்லவில்லை. பாதி உண்மையைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 10, புதன்

இந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போனேன். மார்ச் பதினாறிலிருந்து அவர் எழுதிய ஜோக் ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் கண்டுபிடித்த காரணம். முன்பக்க நாட்குறிப்பை மட்டும் கிளிப் போட்டு மூடினேன், அதில் என் அழுகை இருக்கிறது. அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மூன்று அலசல் பக்கத்தை ரொம்ப நேரம் திருப்பவே இல்லை. "இதை இப்படி எனக்கு யாரும் சொல்லித் தரல" என்றார்.

பதினேழாவதில் நான் எழுதியிருந்தேன்: 'புரிகிறது. ஆனால் சிரிப்பு வரவில்லை.' அதைச் சத்தமாகப் படித்துவிட்டு அவர் சிரித்தார். வாஸ்தவம், அது எனக்கும் பிடிக்கலை என்றார்.

சாயங்காலம் பலகையில் அழிக்க ஒன்று இருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

எழுத்துத் தேர்வு. பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. பி.எச். இரண்டு உள்ள அமிலம் ஐந்தாக வேண்டும் என்றால் எத்தனை மடங்கு நீர்த்துப்போக வேண்டும் என்று ஒரு கேள்வி. மூன்று அலசல். ஆயிரம். எழுதிவிட்டு மேலே பார்த்தேன், கண்காணிக்க வந்தவர் முறைத்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

வடிவியலில் இரண்டு கேள்வி தொடவே இல்லை. வட்டத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். சொட்டுச் சொட்டாக விடுகிற பியூரெட்டைப் பிடித்ததும் பயம் போய்விட்டது. கண்ணாடி என் கைக்குப் பழகினது. முடிவு அடுத்த மாதம்.

இவர் என்னை அழைத்துப்போக வாசலில் காத்திருந்தார். எப்படி எழுதினே என்று கேட்கவில்லை. பசிக்குதா என்றுதான் கேட்டார்.

செப்டம்பர் 9, புதன்

பட்டியலை நான் போய்ப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. மேடம்தான் கழுவும் அறைக்கு வந்து, என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கணக்கில் மூன்று மார்க்கில்தான் தப்பித்திருக்கிறேன். தப்பித்தது தப்பித்ததுதான்.

வீட்டில் சொன்னதும் இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். எனக்கும் தூசிதான்.

அக்டோபர் 15, வியாழன்

டெக்னீஷியன் வேலையில் மூன்றாம் வாரம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வது இன்னும் பழகவில்லை, முதுகு வலிக்கிறது.

காலையில் அறையில் சொட்டு சாரும் நானும் மட்டும். அவர் பியூரெட்டில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார், இன்னும் ஒரு சொட்டில் நிறம் மாற வேண்டிய கட்டம். சரிபார்க்க நான் பக்கத்தில் நின்றேன். பலகைக்கு இன்னிக்கு ஒண்ணும் தோணல, உங்ககிட்ட ஏதாவது இருக்கா என்று கேட்டார், கண்ணை எடுக்காமல். நான் யோசித்தெல்லாம் வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பூஜ்யம் துப்புரவு வேலை கேட்டுப் போச்சாம் சார். அதிகாரி கேட்டாராம், கூட்டத் தெரியுமா? தெரியும், கூட்டினா இருந்தது இருந்தபடியே இருக்கும். சரி, பெருக்கத் தெரியுமா? அது பிரமாதமா வரும், பெருக்கினா ஆபீஸ்ல ஒண்ணுமே மிஞ்சாது. வகுக்கத் தெரியுமா? அதுக்கு பூஜ்யம் சொல்லுச்சாம்: அதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளியே போகச் சொல்லுங்க."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார். பிறகு முழு ஆளும் குலுங்கினார். கை பியூரெட்டின் திருகியின் மேல் இருந்தது, அதுவும் சேர்ந்து திறந்துகொண்டது. வெளுத்த ரோஜா நிறத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் பீட்ரூட் சாறாகிவிட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபிளாஸ்க்கைக் காலி செய்தார். நான் அலசிக் கொடுக்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. அவரே தொட்டிக்குப் போய் மூன்று முறை அலசினார்.

பதிவேட்டில் 'மறுமுறை செய்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அவருடைய பக்கங்களில் அது எப்போதும் காலியாகவே இருக்கும். இன்று அதில் 'சிரிப்பு' என்று எழுதி, தேதி போட்டு, பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.